ஜன்னலுக்குள் அடுக்கப்பட்ட பெட்டிகள்

கணினித் திரையில் சட்டமிட்டுத் தோன்றும் நாற்கோணப் பரப்புக்குப் பெயர் தேடிய தமிழர்கள் 'சாளரம்' என்ற பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டனர். மலேசிய மலாய் மொழியோ வீட்டு ஜன்னலைக் குறிக்கும் 'திங்காப்' என்பதன் முதலொலியை இரட்டித்துத் 'தெதிங்காப்' என்று கணினிக்கென்றே தனிச்சொல் ஒன்றை வழங்குகிறது. இந்தோனேசியரோ வீட்டுக்கும் திரைக்கும் 'ஜெண்டேலா' என்ற ஒரே சொல்லோடு நிறைவடைந்துவிட்டனர். ஜெண்டேலாவும் தமிழரின் பேச்சில் ஊறிப்போன ஜன்னலும் 'ஜனேலா' என்னும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து கிளைத்தவை. அதே போர்ச்சுகீசியர் 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து வெளியேறிய சுல்தானின் வழித்தோன்றல்களே ஜொகூர் அரசை நிறுவினர் என்பதால், ஜொகூரில் ஒரு தமிழர் ஜன்னலைத் திறப்பதிலும் சிறிது வரலாறு கலந்திருக்கிறது. பெயர்சூட்டும் பணியும் இந்த மாநிலத்துக்குப் புதிதன்று. மலாய் மொழியை வளர்க்க 1888-இல் ஒரு கழகம் இங்கே அமைந்தது. அலுவலகத்தைக் குறிக்கும் 'பெஜாபாட்', செயலாளரைக் குறிக்கும் 'செத்தியாவுசாகா' ஆகிய சொற்கள் அதன் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றன. மலேசியாவின் தேசிய மொழிக்கும் கலைச்சொல்லுக்கும் பொறுப்பேற்றுள்ள டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1956 ஜூன் 22-இல் 'பாலாய் புஸ்தாகா' என்ற பெயரில் தொடங்கியதும் ஜொகூர் பாருவில்தான்.

பெயர் இவ்வாறு எளிதில் அமைந்துவிட்டாலும், அந்தப் பெயருக்குரிய பொருள் எப்படி இயங்குகிறது என்பதை அதன் முன் நாள்தோறும் எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் அறிவதில்லை. திரையில் தெரியும் சாளரம் ஒரு படம் என்றே தோன்றுகிறது. நிரலாளருக்கு, அதாவது கணினிக்குரிய கட்டளைகளை எழுதுபவருக்கு, அது படமன்று. நினைவகத்தில் இருக்கும் ஒரு பதிவு. திரையில் அதன் இடம் எது, அகலமும் உயரமும் எவ்வளவு, அதற்கு மேலும் கீழும் எந்தச் சாளரங்கள் உள்ளன, அதற்கு வரும் செய்திகளை எந்த நிரற்பகுதி கையாள வேண்டும் என்ற விவரங்கள் அந்தப் பதிவில் உள்ளன. நிரலுக்குக் கிடைப்பது அப்பதிவைச் சுட்டும் ஓர் அடையாள எண் மட்டுமே. அந்த எண்ணைக் கைப்பிடி என்று சொல்வது பொருந்தும், ஏனெனில் நிரல் சாளரத்தை நேரடியாகத் தொடுவதில்லை. கைப்பிடியைக் காட்டி, இதை நகர்த்து, இதை மறை என்று இயங்குதளத்திடம் வேண்டுகோள் வைக்கிறது.

ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் சாளரங்கள் 1970-களில் கலிபோர்னியாவிலிருந்த செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவாயின. 1973-இல் அங்கே செயல்படத் தொடங்கிய 'ஆல்ட்டோ' கணினியில், மேசைமேல் தாள்கள் ஒன்றையொன்று மறைத்துக் கிடப்பதைப் போன்ற தோற்றத்தை ஸ்மால்டாக் மொழிக் குழுவினர் ஏற்படுத்தினர். 1984-இல் மெக்கின்டாஷ் அதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. 1985 நவம்பர் 20-இல் வெளியான விண்டோஸ் முதற்பதிப்பிலோ முதன்மைச் சாளரங்கள் தரையில் பதித்த ஓடுகளைப் போல அடுத்தடுத்து நின்றனவேயன்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. அந்த உரிமை 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் கிடைத்தது.

ஒன்று மற்றொன்றை மறைக்கலாம் என்றவுடன் ஒரு சிக்கலும் பிறந்தது. மேலே கிடந்த சாளரத்தை அப்புறப்படுத்தினால் கீழே மறைந்திருந்த பகுதி மீண்டும் தெரிய வேண்டும். ஆனால் அங்கே என்ன இருந்தது என்பதை யார் நினைவில் வைத்திருப்பது? 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட, 16 நிறம் காட்டும் ஒரு திரையின் படத்தைச் சேமிக்கவே 1,53,600 பைட் தேவைப்படும். அக்காலத் தனிநபர் கணினியில் நிரல்களுக்கெனக் கிடைத்த மொத்த நினைவகமே 640 கிலோபைட். ஆகவே இயங்குதளம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல், பகுதி வெளிப்படும்போதெல்லாம் உரிய நிரலிடம் அதை மீண்டும் வரையச் சொல்லிவிட்டது. விண்டோஸ் நிரலாக்கத்தின் மையமான இயல்பு இந்தப் பற்றாக்குறையில் பிறந்தது: நிரல் தான் விரும்பியபோது வரைவதில்லை, வரையச் சொல்லி வரும் செய்திக்காகக் காத்திருக்கிறது. நினைவகம் மலிந்த பிறகு, 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸும் பின்னர் விண்டோஸ் விஸ்டாவும் ஒவ்வொரு சாளரத்தின் படத்தையும் தனித்தனியே சேமித்துத் திரையில் ஒன்றுசேர்க்கத் தொடங்கின. ஆயினும் செய்திக்குக் காத்திருக்கும் வழக்கம் மாறவில்லை.

அந்த வழக்கத்தை ஓர் அரசு அலுவலக முகப்போடு ஒப்பிடலாம். விசை அழுத்தப்பட்டது, சுட்டி நகர்ந்தது, பகுதி வெளிப்பட்டது, பயனர் மூடச் சொன்னார் என்று ஒவ்வொரு நிகழ்வும் ஒரு சீட்டாக வரிசையில் வந்து நிற்கிறது. ஒரே ஓர் எழுத்தர் முதலில் நிற்பதை எடுத்து, உரிய சாளரத்தின் நிரற்பகுதியிடம் கொடுத்து, அது முடிந்ததும் அடுத்ததை எடுக்கிறார். இந்த முடிவில்லாச் சுழற்சிக்குச் செய்திச்சுழல் என்று பெயர். ஒரு சீட்டுக்குரிய வேலையாகப் பத்தாயிரம் பதிவுகளைக் கணக்கிடும் பணியையும் அதே எழுத்தரிடம் நிரலாளர் ஒப்படைத்துவிட்டால் வரிசை அப்படியே உறைந்துபோகிறது. சாளரம் வெளுத்து, 'பதிலளிக்கவில்லை' என்ற சொல் தலைப்பில் தோன்றுகிறது. பயனர்கள் அப்போது கணினி பழுதானதாக எண்ணுகிறார்கள். பல நேரங்களில் பழுது கணினியில் இல்லை. நீண்ட வேலையைப் பின்னறைக்கு அனுப்பாமல் முகப்பிலேயே செய்யவைத்த நிரலில் இருக்கிறது.

1988-இல் சார்லஸ் பெட்சோல்ட் எழுதி ஒரு தலைமுறை நிரலாளர்களுக்குப் பாடநூலாக விளங்கிய விண்டோஸ் நிரலாக்க நூலில், வாழ்த்துச் சொல் ஒன்றைத் திரையில் காட்டுவதற்கே பல பத்து வரிகள் தேவைப்பட்டன. சாளர வகையைப் பதிவுசெய்தல், சாளரத்தை உருவாக்குதல், செய்திச்சுழலை ஓட்டுதல், வரும் செய்திக்கு மறுமொழி தருதல் என்று அதில் எதையும் தவிர்க்க முடியாது. அந்நூலைக் கற்பவர் சில அதிகாரங்களைக் கடந்ததும் வியப்புக்குரிய உண்மை ஒன்றை எதிர்கொள்கிறார்: விண்டோஸில் பெரிய சட்டகம் மட்டுமன்றி, அதற்குள் இருக்கும் பொத்தானும் எழுதும் கட்டமும் உருள்பட்டையும்கூடத் தனித்தனிச் சாளரங்களே. ஜன்னலுக்குள் ஜன்னல் என்பது கட்டடக்கலையில் பொருளற்றது. திரையிலோ அதுவே விதி. உள்ளே இருப்பதற்குச் சேய்ச்சாளரம் என்றும், அதைத் தாங்கி நிற்பதற்குத் தாய்ச்சாளரம் என்றும் பெயர். பிற்காலக் கருவித்தொகுதிகள், அதாவது பொத்தான் முதலிய ஆயத்த உறுப்புகளை நிரலாளருக்குத் தரும் நூலகங்கள், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சாளரம் என்ற செலவைத் தவிர்த்து, ஒரே சாளரத்துக்குள் தாமே எல்லாவற்றையும் வரைந்துகொண்டாலும், தாய்-சேய் உறவை அவை கைவிடவில்லை. பிறவற்றைத் தன்னுள் கொண்டிருக்கும் உறுப்புக்கு அவை வழங்கிய பெயர் கொள்கலன்.

கொள்கலன் என்ற சொல் ஜொகூர்வாசிகளுக்கு வேறொரு காட்சியைத்தான் முதலில் நினைவூட்டும். மாநிலத்தின் தென்மேற்கு முனையில் 1999-இல் இயங்கத் தொடங்கிய தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தில், இருபதடிப் பெட்டி என்ற அலகில் கணக்கிட்டால், அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சரக்குக் கொள்கலன்கள் கையாளப்படுகின்றன. அங்குள்ள எஃகுப் பெட்டியின் வெற்றிக்குக் காரணம் அதன் விறைப்பு. உள்ளே இருப்பது மின்விசிறியா, ரப்பர் கையுறையா என்பது பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை, பெட்டியின் அளவுகள் எங்கும் தரப்படுத்தப்பட்டவை. திரையிலுள்ள கொள்கலனுக்கு இதற்கு நேர்மாறான குணம் வேண்டும். அது தன்னுள் இருப்பவற்றிடம் 'உங்களுக்கு எவ்வளவு இடம் தேவை' என்று கேட்டு, அதற்கேற்பத் தானும் விரிந்து சுருங்க வேண்டும். எஃகுப் பெட்டியைப் போல நடந்துகொள்ளும் கொள்கலனால் விளையும் கேட்டைத் தமிழ்ப் பயனர்கள் மிக நன்றாக அறிவார்கள்.

அந்தக் கேட்டுக்குள் செல்லுமுன் கொள்கலனின் மற்றப் பொறுப்புகளையும் சொல்லிவிட வேண்டும். சேய் உறுப்பின் இடம் திரையின் மூலையிலிருந்து அளக்கப்படாமல் தாயின் மூலையிலிருந்தே அளக்கப்படுகிறது. அதனால் தாய் நகர்ந்தால் சேய்கள் ஒன்றும் செய்யாமலே உடன் நகர்கின்றன. சேய் தாயின் எல்லையைத் தாண்டி வரைந்தால் தாண்டிய பகுதி வெட்டப்படுகிறது. தாய் அழிக்கப்படும்போது சேய்களும் அழிகின்றன. சுட்டி அழுத்தப்பட்டால், அந்தப் புள்ளி எந்தக் கொள்கலனுக்குள், அதனுள் எந்தப் பலகத்துக்குள், அதனுள் எந்தப் பொத்தானுக்குள் விழுந்தது என்று வேரிலிருந்து இலை வரை தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. பல கருவித்தொகுதிகளில் பொத்தான் அதைக் கவனிக்காவிட்டால் நிகழ்வு மீண்டும் இலையிலிருந்து வேரை நோக்கித் திரும்பிச் செல்கிறது. கொள்கலனும் ஓர் உறுப்பே, ஆகவே அதை மற்றொரு கொள்கலனுக்குள் வைக்கலாம் என்ற ஒரே விதியிலிருந்து இந்த மரம் முழுவதும் வளர்கிறது. 1994-இல் நால்வர் எழுதி வெளிவந்த புகழ்பெற்ற நிரல் வடிவமைப்பு நூல் இந்த அமைப்பைக் கூட்டுருவம் என்ற பொருள்படும் பெயரில் பொதுமைப்படுத்தியது. அந்நால்வருள் ஒருவரான ஜான் விலிசிடஸ் அதற்குமுன் ஸ்டான்ஃபோர்டில் 'இன்டர்வியூஸ்' என்ற கருவித்தொகுதியை உருவாக்கிய குழுவில் இருந்தவர் என்பதால், சாளரத்தில் கண்டதையே அவர்கள் நிரலாக்கத்துக்குப் பொதுவிதி ஆக்கினர் என்றும் கொள்ளலாம்.

இனி இடம் பகிரும் பொறுப்பு. தொடக்கத்தில் நிரலாளர்கள் ஒவ்வோர் உறுப்புக்கும் இடதிலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி என்று கையால் எண்ணிட்டனர். 1991-இல் வந்த விஷுவல் பேசிக் அந்த எண்ணிடுதலைச் சுட்டியால் இழுத்து வைக்கும் விளையாட்டாக மாற்றி எளிமைப்படுத்தியதே தவிர, எண் நிலையாக இருக்கும் குறையைப் போக்கவில்லை. விண்டோஸ் உரையாடல் பெட்டிகளில் புள்ளிக்குப் பதில் வேறோர் அளவுகோல் பயன்பட்டது. எழுத்துருவின் சராசரி எழுத்தகலத்தில் நான்கில் ஒரு பங்கு அதன் கிடை அலகு. எழுத்துரு பெரிதானால் பெட்டியும் பெரிதாகும் என்பதால் இது மேலான ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சராசரி எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பார்த்தால் பெரியவையும் சிறியவையுமாக 52 ரோமன் எழுத்துகளின் அகலத்தை வைத்து என்று தெரிகிறது. ரோமன் எழுத்தை முழக்கோலாக வைத்து அளந்த சட்டையைத் தமிழுக்கு மாட்டினால் கைகள் வெளியே நீண்டிருப்பதில் வியப்பில்லை.

ஆங்கிலத்தில் 'கேன்சல்' என்றிருக்கும் பொத்தான் மலாயில் 'பத்தால்' என்று சுருங்குகிறது, சீனத்தில் இரண்டே எழுத்தாகிறது, தமிழில் 'ரத்து செய்' என்று இரு சொல்லாக விரிகிறது. 'செட்டிங்ஸ்' மலாயில் 'தெத்தாப்பான்', தமிழில் 'அமைப்புகள்'. 'பிரிஃபரென்சஸ்' தமிழில் 'விருப்பத்தேர்வுகள்'. நீளம் மட்டுமே இடர் என்றால் இரண்டு வரியாக மடித்துவிடலாம். சீன வரியைப் பெரும்பாலும் எந்த எழுத்துக்குப் பின்னும் மடிக்கலாம், மலாய்ச் சொற்களைச் சொல்லிடைவெளியில் மடிக்கலாம். ஒட்டி ஒட்டி வளரும் தமிழ்ச்சொல்லிலோ இடைவெளியே கிடைப்பதரிது, பல கருவித்தொகுதிகள் அசை பிரித்து மடிக்கவும் அறியா. ஒரு சிட்டையின், அதாவது சொல்லை மட்டும் காட்டும் உறுப்பின், மிகக் குறைந்த அகலம் என்பது அதிலுள்ள மிக நீண்ட, உடைக்க முடியாத சொல்லின் அகலம் ஆகிவிடுவதால், ஒரே ஒரு தமிழ்க் கூட்டுச்சொல் முழுச் சாளரத்தின் மிகக் குறைந்த அகலத்தையும் நிர்ணயித்துவிடக்கூடும். உயரத்திலும் தமிழுக்குத் தனித் தேவை உண்டு. 'கீ'யின் சுழி மேலே எழுகிறது, 'மூ'வின் கால் கீழே இறங்குகிறது. நிலையான உயரம் கொண்ட பொத்தானில் இவ்விரண்டும் சீவப்படும்போது 'மீ' 'மி'யாகத் தெரிவதும் 'மு'வும் 'மூ'வும் ஒன்றாவதும் நேர்கிறது.

விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. அச்சுக்கோக்கும் டெக் மென்பொருளை 1970-களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய டோனால்ட் நூத், பக்கத்தைப் பெட்டிகளும் அவற்றுக்கிடையே நீளவும் சுருங்கவும் வல்ல பசையும் என்று கருதினார். இன்டர்வியூஸ் குழுவினர் அதைத் திரைக்குக் கொண்டுவந்தனர். ஜான் ஔஸ்டர்ஹவுட்டின் டிகே, 1996 ஜனவரியில் ஜாவாவுடன் வந்த ஏடபிள்யூடி, நார்வேயின் கியூட், பெர்க்லி மாணவர் இருவர் தொடங்கிய ஜிடிகே ஆகிய கருவித்தொகுதிகள் இடம் பகிர்வதைத் தத்தம் வழியில் கொள்கலனிடமே ஒப்படைத்தன. மலேசியப் பள்ளிகளில் நான்காம் படிவக் கணினி அறிவியல் பாடத்தில் ஜாவா கற்கும் மாணவர் பின்னர் சாளரம் எழுத முற்படும்போது கொள்கலனில் முதலில் சந்திக்கும் இட ஒழுங்குகள் இத்தகையவை: வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என்று ஐந்து பகுதியாகப் பிரிப்பது ஒன்று; ஓரத்தை எட்டியதும் அடுத்த வரிக்குத் தாவுவது ஒன்று; சம கட்டங்களாக வகுப்பது ஒன்று.

இக்கொள்கலன்கள் வேலைசெய்யும் முறையைக் கல்யாண வீட்டுப் பந்தியோடு ஒப்பிடுவது மிகையாகாது. முதற்சுற்றில் கேள்வி மேலிருந்து கீழே செல்கிறது: சாளரம் தன் பலகங்களைக் கேட்க, பலகம் தன் வரிசைகளைக் கேட்க, வரிசை தன் பொத்தான்களைக் கேட்க, ஒவ்வொரு பொத்தானும் தன்மேல் எழுதப்பட்ட சொல்லை அளந்து தன் தேவையைச் சொல்ல, அத்தேவைகள் கூட்டப்பட்டு மேலே திரும்பி வருகின்றன. இரண்டாம் சுற்றில் உண்மையாக இருக்கும் இடம் மேலிருந்து கீழே பங்கிடப்படுகிறது. மிச்சம் இருந்தால் விரியத் தெரிந்தவர்க்கு அது செல்கிறது. எண்ணை எங்கும் எழுதாமல், இவை ஒரு வரிசை, இது விரியலாம், அது விரியக்கூடாது என்ற உறவை மட்டும் நிரலாளர் எழுதுகிறார். அப்போது மொழி மாறினாலும் சாளரம் தானே தன்னைத் திருத்திக்கொள்கிறது.

அந்த முதற்சுற்று உண்மையாக நடக்க வேண்டுமானால் பொத்தானுக்குத் தன் சொல்லை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் அதுவே நெடுங்காலம் இயலாததாக இருந்தது. 'கொ' என்ற எழுத்து ஒருங்குறி முறையில் இரண்டு குறியீடாகச் சேமிக்கப்பட்டு, திரையில் மூன்று உருவாக விரிகிறது. எழுத்தெழுத்தாக அகலத்தைக் கூட்டினால் கணக்குத் தவறும். உருவமைப்பி என்னும் தனி மென்பொருள் முழுச் சொல்லையும் பார்த்து வடிவை முடிவுசெய்த பிறகே அளவு சொல்ல முடியும். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு இவ்வசதியைத் தமிழுக்குத் தந்தது. ஜிடிகே உலகில் பாங்கோ என்னும் நூலகம் அதே பணியைச் செய்தது.

அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளிலும் அதை ஒட்டியும் இந்த வட்டாரம் ஆற்றிய பணி சிறிதன்று. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கி, 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். தமிழ் இணைய மாநாடு 1997-இல் சிங்கப்பூரிலும் 2001-இல் கோலாலம்பூரிலும் கூடியது. தமிழ் உருவங்களை ரோமன் எழுத்துகளின் எண்ணிடங்களில் வைத்த அந்த எட்டுபிட்டு எழுத்துருக் காலத்தில் கோப்புக்குத் தமிழில் பெயரிட்டவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பர்: சாளரத்துக்குள் தமிழ் அழகாகத் தெரியும், அதன் தலைப்புப் பட்டையிலோ அதே பெயர் தலையில் குறி சூடிய ரோமன் எழுத்துகளின் குவியலாக நிற்கும். உட்பரப்பு நிரலுக்குச் சொந்தம், ஆகவே அங்கே தமிழ் எழுத்துருவைப் பூட்டலாம்; சட்டமும் தலைப்பும் இயங்குதளத்தின் உடைமை, அது தன் எழுத்துருவால்தான் வரையும். சாளரம் யாருடையது என்ற சட்டநுணுக்கக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பாடநூல்களில் இல்லை.

மலாயின் மற்றொரு முகமான ஜாவி எழுத்து, ஜொகூரில் இன்றும் மதிப்போடு போற்றப்படுவது, வலமிருந்து இடமாகச் செல்கிறது. அதற்கேற்ற சாளரத்தில் சிட்டை வலப்புறமும் எழுதும் கட்டம் அதன் இடப்புறமும் இருக்க வேண்டும். நிலையெண் இட்டவர் எல்லாவற்றையும் மீண்டும் எண்ணிட வேண்டியிருக்க, இடம்-வலம் என்பதற்குப் பதில் தொடக்கம்-முடிவு என்று கொள்கலனிடம் சொல்லிவைத்தவர் ஒரே அமைப்பை மாற்றினால் போதும், வரிசை முழுவதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். தமிழுக்குத் திருப்பம் தேவையில்லை, விரிவுதான் தேவை. இரண்டுக்கும் மருந்து ஒன்று.

மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திராமல் இக்குறையைக் கண்டறியப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒரு சோதனை வழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீட்டி, இருபுறமும் அடைப்புக்குறியிட்டு, உயிரெழுத்துகளின் தலையில் குறிகளைச் சூட்டி, அந்தப் பொய்மொழியில் நிரலை ஓட்டிப் பார்க்கின்றனர். அடைப்புக்குறியில் ஒன்று மறைந்திருந்தால் அந்தக் கொள்கலன் எஃகுப் பெட்டியாக இருக்கிறது என்று பொருள். ஆனால் அப்பொய்மொழியின் நீட்சியில் இடைவெளிகள் தாராளமாக இருந்துவிட்டால் மடிக்க முடியாத சொல் சோதனைக்கு வருவதேயில்லை. 'விருப்பத்தேர்வுகள்' என்பதை இடைவெளியின்றி அப்படியே ஒரு பொத்தானில் எழுதிப் பார்ப்பதே அதற்குரிய சோதனை; அதைச் செய்வதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய தேவையுமில்லை.